சீமைக்குத் திரும்பியவரும் மலையில் நின்றவரும்

பிறந்த நாட்டை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்று நாட்டில் வாழப் புகுவது மனித வரலாற்றில் புதிதன்று. ஆயினும் அவ்வாறு செல்வோர் அனைவருக்கும் உலகம் ஒரே பெயரைச் சூட்டியதில்லை. இலண்டன், பாரிஸ் போன்ற ஐரோப்பியத் தலைநகர்களில் உயர்பணி ஏற்றுக் குடும்பத்துடன் சென்று தங்கும் அலுவலரை உலகம் ஒரு பெயரால் மதிக்கிறது. அதே நகரங்களில் உணவகத்தில் பாத்திரம் கழுவவும், மருத்துவமனையில் தரை துடைக்கவும் வருபவரை வேறொரு பெயரால் அழைக்கிறது. முன்னவருக்குக் குழந்தையின் பள்ளிக்கட்டணம் முதல் விடுமுறைப் பயணம் வரை ஒப்பந்தத்தில் இடம் பெறுகின்றன. பின்னவரோ தம் இருப்பையே நாள்தோறும் மெய்ப்பிக்க வேண்டியவராகிறார்.

இப்பாகுபாடு இன்று நேற்றுத் தோன்றியதன்று. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இலண்டனிலிருந்து கீழ்த்திசைக்கு வந்தோரும், தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கடல் கடந்தோரும் ஒரே மண்ணில் சந்தித்தபோதே இது சட்டமாகவும் வழக்கமாகவும் உருப்பெற்றது. அதனைத் தெளிவாகக் காண்பதற்குப் பகாங் மாநிலத்தின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களைப் போன்ற களம் வேறில்லை. ஒரே மலைச்சரிவில், ஒரே பயிரை நம்பி, இரு வகைக் குடிபெயர்வுகள் அங்கே அருகருகே நிகழ்ந்தன.

மலை திறந்த வரலாறு

1885இல் வில்லியம் கேமரன் என்னும் அரசாங்க நில அளவையாளர் பகாங்–பேராக் எல்லைப்புறத்து மலைத்தொடரை ஆராய்ந்து, அங்கே பரந்த மேட்டுநிலம் ஒன்று உள்ளதாக அறிவித்தார். அவர் பெயரையே அம்மலை பெற்றது. ஆயினும் செமாய் முதலிய பூர்வகுடி மக்களுக்கு அது கண்டுபிடிக்கப்பட வேண்டிய இடமாக இருந்ததில்லை. தலைமுறை தலைமுறையாக அவர்கள் வாழ்ந்த காடு அது. பின்னர் வந்த இரு சாராருமே அம்மண்ணுக்கு விருந்தினர் என்பதை இவ்வரலாற்றைப் படிப்போர் மறத்தலாகாது.

கேமரனின் அறிவிப்புக்குப் பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மலை பெரிதும் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1925இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலராக இருந்த சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் அங்குச் சென்று பார்த்து, அதனை மலைவாழ் நகராக வளர்க்க முனைந்தார். நீலகிரியின் உதகமண்டலமும் இலங்கையின் நுவரெலியாவும் வெள்ளையர்க்குக் குளிர்ச்சி தந்தது போல மலாயாவுக்கும் ஓர் இடம் வேண்டும் என்பது அன்றைய ஆட்சியினரின் எண்ணம். தாப்பாவிலிருந்து மலைமேல் செல்லும் நெடுஞ்சாலை 1931இல் நிறைவுற்றது.

சாலை முடியும் முன்னரே தேயிலை அங்கு வேரூன்றிவிட்டது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்டு ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை பயிரிட்டுத் தேர்ந்த ஏ. பி. மில்ன் என்பாருடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். சீனத்தின் புகழ்பெற்ற தேயிலை மலையான பொஹியாவின் பெயரைத் தழுவியே அத்தோட்டம் பெயர் பெற்றதாகக் கூறுவர். செங்குத்தான காட்டைச் சீர்செய்ய நீராவி உருளை ஒன்றும், கோவேறு கழுதைகளும், தொழிலாளர் கூட்டமும் துணை நின்றன என்பது அந்நிறுவனத்தார் இன்றும் எடுத்துரைக்கும் வரலாறு. 1933இல் ஆக்ராவிலிருந்து வந்த ஓர் இந்திய வணிகக் குடும்பத்தார் பாரத் தேயிலைத் தோட்டத்தை நிறுவினர். எனவே முதலாளிமாரும் அனைவரும் வெள்ளையரல்லர். ஆயினும் கொழுந்து கிள்ளியோர் பெரும்பாலும் தமிழரே.

துரையின் பயணம்

தோட்டத் தமிழர் இங்கிலாந்தைச் 'சீமை' என்றனர். அங்கிருந்து வந்தவரைத் 'துரை' என்றனர். தோட்ட நிருவாகி பெரிய துரை. துணை நிருவாகி சின்ன துரை. இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞர் ஒருவர் இலண்டனில் நிறுவன அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, சூயஸ் கால்வாய் வழியே மூன்று நான்கு வாரம் கப்பலில் பயணம் செய்து பினாங்கிலோ சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலோ இறங்குவார். கப்பல் கட்டணம் நிறுவனத்துடையது. தங்குவதற்குப் பங்களா, சமைப்பதற்கு ஆள், தோட்டத்துக்கு ஆள் என யாவும் அவர் வருமுன்னரே ஏற்பாடாகியிருக்கும்.

அவ்வாழ்வு முற்றும் இன்பமயமானது என்று கூறுவது நேர்மையாகாது. தொடக்க ஒப்பந்தக் காலத்தில் திருமணம் செய்துகொள்ள நிறுவனங்கள் பல இசைவதில்லை. காய்ச்சலும் தனிமையும் மதுவும் பலரை வீழ்த்தின. மணமான பின் பிறக்கும் குழந்தைகளை ஏழெட்டு வயதிலேயே சீமைப் பள்ளிகளுக்கு அனுப்பிவிட்டு ஆண்டுக்கணக்கில் பிரிந்திருக்க வேண்டியிருந்தது. எனினும் அவருடைய வாழ்வில் ஓர் உறுதி இருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊதியத்துடன் நீண்ட விடுப்பு. தாயகம் சென்று மீளப் பயணச்செலவு. பணி முடிந்தபின் திரும்பிச் செல்ல ஒரு நாடு. திரும்புதல் அவருக்கு உரிமையாக இருந்தது.

கேமரன் மலையின் குளிர், அத்தாயகத்தின் சாயலை அவர்களுக்கு அளித்தது. கரிய மரச்சட்டங்களும் வெண்சுவரும் கொண்ட ஆங்கில நாட்டுப்புற விடுதியைப் போன்ற ஸ்மோக் ஹவுஸ் விடுதி 1937இல் எழுந்தது. ரோஜாத் தோட்டமும், கணப்பு அடுப்பும், குழிப்பந்தாட்டத் திடலும் மலைக்கு வந்தன. சிங்கப்பூரில் 1925இல் டாங்லின் பள்ளியைத் தொடங்கிய ஆன் கிரிஃபித்-ஜோன்ஸ் அம்மையார், 1934இல் கேமரன் மலையில் விடுதிப் பள்ளி ஒன்றையும் நிறுவினார். ஐரோப்பியக் குழந்தைகள் சீமைக்குச் செல்லாமலே சீமைக் கல்வியையும் குளிர்ந்த காற்றையும் பெற அது வழி செய்தது. 1950களில் பிரிட்டிஷ் படையினரின் பிள்ளைகளுக்கான சிலிம் பள்ளியும் தானா ராத்தாவில் நடைபெற்றது.

தொழிலாளியின் பயணம்

அதே காலத்தில் தமிழகத்தின் வட ஆற்காடு, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து புறப்பட்டவரின் பயணம் வேறு வகையினது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் மலாயாவில் முடிவுக்கு வந்தபின் கங்காணி முறையே மேலோங்கியது. தோட்டத்தில் பணியாற்றும் கங்காணி உரிமச் சீட்டுடன் தன் ஊருக்குச் சென்று உற்றார் உறவினரையும் ஊராரையும் திரட்டி வருவான். அவன் கொணர்ந்த ஆட்கள் வேலைக்கு வரும் நாள்களைக் கணக்கிட்டு அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. சென்னைக்கு அருகிலுள்ள ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கி, சோதனைக்குட்பட்டு, கப்பலேறி ஏறத்தாழ ஒரு வாரத்தில் பினாங்கை அடைவர். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இவ்வழியில் ஓடிய 'ரஜுலா' கப்பலின் பெயரை அறியாத முதியோர் தோட்டப்புறத்தில் இருந்ததில்லை.

1907இல் அமைக்கப்பட்ட குடியேற்ற நிதியத்துக்குத் தோட்ட முதலாளிகள் செலுத்திய வரியிலிருந்தே இவர்களின் கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. ஆகவே சட்டப்படி இவர்கள் கடனாளிகளாக வந்திறங்கவில்லை. துரையின் பயணச்சீட்டை நிறுவனம் வாங்கியது. தொழிலாளியின் பயணச்சீட்டை நிதியம் வாங்கியது. இதுவரை இருவர் நிலையும் ஒன்றே. வேறுபாடு கரை இறங்கிய பின்னர்த் தொடங்கியது. மேல்தளத்தில் வந்த தமிழர் நோய்த்தடுப்பு முகாமில் நாள்கணக்கில் தங்க வேண்டியிருந்தது. முதல் வகுப்பில் வந்தவருக்கு அத்தகைய காத்திருப்பு இல்லை.

1928இல் அரசாங்கம் வகுத்த நாட்கூலி, போக்குவரத்து எளிதாயிருந்த பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உட்பகுதிகளுக்கு இதனினும் சற்றுக் கூடுதல். தங்குவதற்கு வரிசையாகக் கட்டிய லயன் வீடுகள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குமேல் உள்ள தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டுமென விதித்தது. தோட்டத் தமிழ்ப் பள்ளிகள் பலவற்றின் பிறப்பு இவ்விதியிலிருந்தே. எனினும் அக்கல்வி தொடக்கநிலையோடு நின்றது. அதற்கு மேல் படிக்க நகரத்துக்குச் செல்லவேண்டும். ஒரே மலைமேல் ஒரு பள்ளி பிள்ளைகளைச் சீமைக்கு ஆயத்தம் செய்தது. மற்றொன்று பெரும்பாலும் அவர்களை மீண்டும் கொழுந்துக் கூடைக்கே அனுப்பியது.

தேயிலைத் தொழில் கைத்திறனை வேண்டுவது. இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கிள்ள வேண்டும். முற்றிய இலை கலந்தால் தூளின் தரம் கெடும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவிட்டு, உலர்த்தினால் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். மழையும் பனியும் மாறி மாறிப் பெய்யும் சரிவில், இடுப்பில் சாக்கும் முதுகில் கூடையுமாக நின்று அக்கொழுந்தைச் சேர்த்தவர்களுள் பெண்கள் மிகுதி. விடியற்பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டுக் குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்லும் தாய்மார்களின் உழைப்பே அம்மலைக்குப் பசுமை தீட்டியது.

திரும்புதல் என்னும் சொல்

திரும்பிச் செல்லுதல் துரைக்கு விடுப்பாக இருந்தது. தொழிலாளிக்கோ அது பல வேளைகளில் வெளியேற்றமாக இருந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியினால் 1930இல் இரப்பர் விலை சரிந்தபோது தென்னிந்தியாவில் ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டது. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் அடுத்த சில ஆண்டுகளில் தாயகம் அனுப்பப்பட்டனர். 1934இல் விலை தேறியதும் ஆள் சேர்ப்பு மீண்டும் தொடங்கியது. கேமரன் மலையில் தேயிலை விரிந்த ஆண்டுகள் இவ்வீழ்ச்சியின் ஆண்டுகளே என்பது கருதத்தக்கது. தேவைப்படும்போது அழைக்கவும், தேவையற்றபோது அனுப்பவும் தக்க ஒரு தொழிற்படை என்றே அன்றைய ஆட்சி தமிழரைக் கணக்கிட்டது.

1936இன் இறுதியில் மலாயா வந்து நிலைமையை ஆராய்ந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், குறைக்கப்பட்ட கூலியைப் பழைய அளவுக்கு உயர்த்துமாறு பரிந்துரைத்தார். ஆயினும் 1938இல் கூலி மறுபடியும் குறைக்கப்பட்டபோது, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை விதித்தது. அதன்பின் பெருந்திரளாக ஆள் வரவில்லை. இருந்தோர் இங்கேயே வேர்விடத் தொடங்கினர்.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவினுள் புகுந்தபோது இரு குடிபெயர்வுகளின் வேறுபாடு வெளிப்படையாயிற்று. பினாங்கிலிருந்து ஐரோப்பியர் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டனர். ஆசிய மக்கள் கைவிடப்பட்டனர். அச்செய்தி ஆட்சியின்மேல் மக்கள் கொண்டிருந்த நம்பிக்கையை உடைத்தது. வெளியேற முடியாத ஐரோப்பியர் சாங்கி முதலிய சிறைகளில் மூன்றரை ஆண்டு துன்புற்றதும் உண்மையே. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர்களுள் பல்லாயிரவர் திரும்பவேயில்லை. சிறைப்பட்ட ஐரோப்பியரின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. அத்தமிழர்களுள் பெரும்பாலோரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

1957இல் நாடு விடுதலை பெற்றது. விடுதலை நாளிலும் அதற்குப் பின்னும் இம்மண்ணில் பிறந்த குழந்தை குடியுரிமை பெற்றது. 1962இல் இவ்விதி திருத்தப்பெற்றது. ஆனால் அதற்கு முன்பே இங்குப் பிறந்த, குடியேறிய பெற்றோரின் பிள்ளைகள் பலர் விண்ணப்பித்து, வசித்த காலத்தையும் மலாய்மொழி அறிவையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. எழுத்தறியாத தாய்தந்தையர் பலர் பிறப்பைப் பதிவு செய்யவில்லை. விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் உணரவில்லை. குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்னும் சட்டம் 1968இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு செயற்பட்டபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தோர் திகைத்தனர். பல்லாயிரவர் தாங்கள் பிறந்திராத ஊர்களை நோக்கிக் கப்பலேறினர். இச்சிக்கலின் மிச்சம் 2011இல் அரசாங்கம் நடத்திய 'மைடஃப்தார்' பதிவியக்கத்திலும் காணப்பட்டது.

இலண்டனை நோக்கி

இக்காலத்திலேயே எதிர்த்திசையிலும் ஒரு குடிபெயர்வு நிகழ்ந்தது. 1948இல் பிரிட்டனில் தேசிய உடல்நலச் சேவை தொடங்கியதும் செவிலியர் தேவை பெருகிற்று. மலாயாவிலிருந்தும் பின்னர் மலேசியாவிலிருந்தும் இளம்பெண்கள் பயிற்சிச் செவிலியராகச் சென்றனர். சட்டம் பயில விரும்பியோர் இலண்டனின் நான்கு சட்டக் கழகங்களுள் ஒன்றில் சேர்ந்து, பாடத்தேர்வோடு குறித்த எண்ணிக்கையில் கழக விருந்துகளையும் உண்டு முடித்தாலன்றி வழக்கறிஞராக முடியாதிருந்தது. இவ்வாறு சென்றோருள் தமிழர் பலர். ஆயினும் அவர்கள் பெரிதும் நகரத்துக் குடும்பத்தினர். லயன் வீட்டிலிருந்து இலண்டன் வரை செல்லும் பாதை மிகக் குறுகலானது.

சென்றவர்கள் கண்ட சீமை, தோட்டத்தார் கற்பனை செய்த சீமையன்று. ஒற்றை அறை, காசு போட்டால் எரியும் எரிவாயு அடுப்பு, நான்கு மணிக்கே இருளும் குளிர்காலம், நிறம் கண்டு அறை மறுக்கும் வீட்டுக்காரர் ஆகியவையே அவர்களை எதிர்கொண்டன. இங்கே துரை, தம் மொழியையும் உணவையும் மாற்றாமலே வாழ முடிந்தது. மலையே அவருக்கேற்ப மாறிற்று. இலண்டனுக்குச் சென்ற தமிழரோ தம்மை மாற்றிக்கொள்ள வேண்டியவராயினர்.

சட்டமும் அவ்வாறே நின்றது. 1962இல் இயற்றப்பட்ட காமன்வெல்த் குடியேற்றச் சட்டம், வேலைச் சீட்டு இல்லாதவர் பிரிட்டனில் குடியேறுவதைக் கட்டுப்படுத்தியது. 1971ஆம் ஆண்டுச் சட்டம், பிரிட்டனில் பிறந்த பெற்றோரை உடைய காமன்வெல்த் குடிமக்களுக்கு அங்கு வாழும் உரிமையை அளித்து, ஏனையோரைப் பிரித்து நிறுத்தியது. இதன் பொருளைக் கேமரன் மலையில் வைத்துக் காண்போம். பங்களாவில் பிறந்த துரைமகனுக்குத் தந்தையின் பிறப்பிடம் இலண்டனில் வாழும் உரிமையைத் தந்தது. அதே மலையில் லயன் வீட்டில் பிறந்த தொழிலாளியின் மகனுக்குத் தன் சொந்தப் பிறப்பிடம்கூட அம்மலையில் வாழும் உரிமையைத் தானாகத் தரவில்லை. பேரரசு ஒன்றே, அதன் தேயிலையைப் பயிரிட்ட இரு குடும்பங்கள், பிறப்பு என்னும் ஒரே நிகழ்ச்சிக்கு இரு மதிப்புகள்.

எனினும் குடிபெயர்ந்த தமிழர் எங்கும் செய்ததையே இலண்டனிலும் செய்தனர். கேமரன் மலைத் தோட்டங்களில் முதலில் மரத்தடியிலும் பின்னர்ச் சிறு கோயிலிலும் மாரியம்மனையும் முருகனையும் வழிபட்டோர், பிரிஞ்சாங்கில் தண்டாயுதபாணிக்கு ஆலயம் கண்டனர். இலண்டனில் 1981இல் விம்பிள்டன் கணபதி ஆலயமும், 1986இல் ஹைகேட் முருகன் ஆலயமும் எழுந்தன. இலங்கைத் தமிழரின் முயற்சி அவற்றில் முதன்மையானது. மலேசியத் தமிழரும் அங்கு வழிபடுவோராயினர். கூலியாகச் சென்றாலும் அலுவலராகச் சென்றாலும், கோயிலும் மொழி வகுப்பும் சங்கமும் அமைத்து இடத்தை ஊராக்கும் முறை ஒன்றாகவே இருந்துள்ளது.

மீண்டும் அதே மலை

வெள்ளைத் துரைமார் பெரும்பாலும் தாயகம் திரும்பினர். ரஸ்ஸல் 1933இலேயே மறைந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் மகன், பேர்த்தி எனக் குடும்பத்தார் பொறுப்பில் தொடர்ந்தது. சிறுவனாக 1890இல் கோலாலம்பூர் வந்து மலாயும் சீனமும் சரளமாகப் பேசிய அவர், சீமையைவிட மலாயாவிலேயே நீண்ட காலம் வாழ்ந்தவர் என்பதும் நினைக்கத்தக்கது. 1679 முதல் உலகத் தேயிலையை விலை கூறிவந்த இலண்டன் ஏலம் 1998 ஜூன் 29 அன்று இறுதியாக நடைபெற்று முடிவுற்றது. 2019 இடைத்தேர்தலில் பூர்வகுடியைச் சேர்ந்த ராம்லி முகமது நோர் கேமரன் மலையின் நாடாளுமன்ற உறுப்பினரானார். நாடாளுமன்ற மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வகுடியினர் அவரே.

தமிழர் பிள்ளைகளுள் பலர் படித்து நகரங்களுக்குச் சென்றனர். காய்கறித் தோட்டத்திலும், உணவகத்திலும், வண்டி ஓட்டுவதிலும், அரசுப் பணியிலும் உள்ளோர் பலர். இலண்டனிலும் மெல்பர்னிலும் உயர்பணி ஏற்றுச் சென்ற மலேசியத் தமிழரும் உளர். இவர்கள் தொழிலாளி எனப்படாமல் அயலகப் பணியாளர் என்றே அழைக்கப்படுகின்றனர். அவர்கள் ஒப்பந்தத்தில் வீட்டு வாடகையும் விடுப்புப் பயணமும் இடம் பெறுகின்றன. பாட்டன் காலத்துத் துரைக்கு இருந்த வசதி பேரனுக்கு வந்தது. இது வரலாறு செய்த திருத்தங்களுள் ஒன்று.

ஆனால் அத்திருத்தம் முழுமையானதன்று. இன்று அதே சரிவுகளில் கொழுந்து வெட்டும் கருவியைப் பிடித்திருப்போருள் பெரும் பகுதியினர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தோர். வேலை அனுமதி முடிந்தால் அவர்கள் வெளியேற வேண்டும். குடும்பத்தை உடன் அழைத்து வரவும் இயலாது. இரண்டு தலைமுறைக்கு முன் தமிழர் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர். நகரத்திலிருந்து சுற்றுலா செல்லும் தமிழ்க் குடும்பம் தேநீர் மண்டபத்தில் அமர்ந்து அச்சரிவைப் படமெடுக்கும்போது, படத்தின் ஓரத்தில் விழும் அம்மனிதரும் ஒரு கங்காணியின் சொல்லை நம்பி வந்த பாட்டனின் இடத்தில் இருப்பவரே.

குடிபெயர்ந்தோரை அளப்பதற்கு அவர்கள் வந்த கப்பலும் விமானமும் அளவுகோலாகா. முதுமையில் வேலை ஓய்ந்தபின் தங்கும் வீடு அவருடையதா, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் செல்லுமா, விரும்பினால் திரும்பவும் விரும்பினால் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டா என்பனவே கேட்கத்தக்க கேள்விகள். கேமரன் மலையின் வரலாற்றில் துரைக்கு இக்கேள்விகளுக்கெல்லாம் தொடக்கம் முதலே விடை இருந்தது. தமிழர் அவ்விடையைப் பெறப் பல பத்தாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. வங்காளதேசத்துத் தொழிலாளியிடம் அக்கேள்விகள் இன்னும் கேட்கப்படவேயில்லை. அவற்றை முதலில் கேட்கும் தகுதியும் கடமையும் லயன் வீட்டு வாழ்வை அறிந்த சமுதாயத்துக்கே உரியன.